ராதோயேவின் கொக்கி ஜோடி

பெர்சாவின் கடை மேசையில் மூன்று விதமான ஸ்பிரிங் கம்ப்ரஸர்கள் கிடந்தன. மிலாதினின் கண் அவற்றின் மேல் இல்லை, வாசல் மேல் இருந்தது. திருட்டுச் சாமான் வாங்க வந்தவன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தைக்குப் போகிற கூட்டத்தில் ராதோயே வந்து தொலைக்கக் கூடாதே என்பதுதான் அவன் கவலை.

பெர்சா கார் உதிரிபாகம் விற்பதில் பழம் தின்று கொட்டை போட்டவள். ஏன் இப்படி முழிக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. ஸ்பிரிங் கம்பி எவ்வளவு தடிமன், உடைந்தது மேலா கீழா என்று கேட்டாள். இடது பக்கம், கீழே, கடைசிச் சுற்று என்றான் மிலாதின். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முன்னால் 'டொங்' என்று கேட்கிறது என்று அவன் மனைவி ஸ்தானா கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் ஓட்டை பஸ்ஸை ஓட்டுகிறவன் காதில் அதெல்லாம் விழுமா? சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் நம்பினான். ஒன்று உடைந்தால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்.

முன்சக்கர ஸ்பிரிங்கை வெறும் கம்பிச் சுருள் என்று நினைப்பவன் அதைக் கழற்றிப் பார்த்தவனாக இருக்க மாட்டான். ஷாக் அப்சார்பரைச் சுற்றி அதை அமுக்கி வைத்து, தலையில் ஒரே ஒரு நட்டைப் போட்டு அடக்கியிருப்பார்கள். அந்த நட்டைத் தொடும் முன் ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, திருகாணியை இறுக்கி, அதைச் சுருக்கிப் பிடித்தாக வேண்டும். பிடி விட்டால் ஆளுக்குத் தாடை இருக்காது. அந்தப் பிடியைத் தரும் சாமானைத்தான் மிலாதின் இப்போது தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

முதல் ஜோடி ஒல்லியானது. நீளத் திருகாணி, இரண்டு முனையிலும் ஒற்றை விரல் கொக்கி. அதைத் தூக்கிப் பார்த்தபோதே பெர்சா உதட்டைப் பிதுக்கினாள்.

"இதை எடுத்துட்டுப் போறதா இருந்தா, வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வா."

மூன்றாவது தட்டுகள் வைத்தது, தரையில் நிறுத்தி வேலை செய்வது. நல்லதுதான், ஆனால் தினமும் பத்து வண்டி பார்க்கிற பட்டறைக்கு உரியது. நடுவில் இருந்ததை அவளே அவன் பக்கம் தள்ளினாள். கொக்கிகள் இரட்டை விரல். ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு முளை, கம்பியைச் சுற்றிச் சொருகிவிட்டால் நழுவாது. திருகாணி தடிமன், மரை ஆழம். மிலாதின் விரல் நகத்தால் மரையை வருடிப் பார்த்தான். அவன் எதை நினைத்து வருடினான் என்று பெர்சாவுக்குப் புரிந்துவிட்டது.

"உன் கூம் ராதோயேகிட்ட ஒரு ஜோடி இருக்குமே. உங்க கராஜ் வரிசையே அதைத்தானே வாங்கி வாங்கி ஓட்டுது?"

"இருக்கு. அதனாலதான் இங்க வந்தேன்" என்றான் மிலாதின்.

அவள் மேற்கொண்டு கிளறவில்லை. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சமமாகத் திருகு, எண்ணெய் போடு, முகத்தை மேலே கொண்டு போகாதே என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவன் அதை சைக்கிளின் பின்னால் கட்டி, மேலே ஒரு கட்டு வெங்காயத்தாளை வைத்து மறைத்துக்கொண்டு வீடு வந்தான். ஐம்பத்தேழு வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

கூம் என்றால் எங்கள் ஊரில் ரத்த உறவுக்கு ஒரு படி மேலே. கல்யாணத்தில் பக்கத்தில் சாட்சியாக நிற்பவன், பிள்ளையை ஞானஸ்நானத் தண்ணீருக்கு மேல் ஏந்தி அதற்குப் பெயர் வைப்பவன். அண்ணன் தம்பி வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போனால் ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். கூமோடு மனஸ்தாபம் என்றால் மறக்காது. கூம் நீட்டியதை வாங்கிக்கொள்ள வேண்டும், கூம் கேட்டதைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மிலாதினின் கல்யாணத்தில் ராதோயே நின்றான். மகள் பிறந்தபோது யாஸ்னா என்று பெயர் வைத்ததும் ராதோயேதான். அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று ஸ்தானா இன்றுவரை வாய் திறந்ததில்லை.

அந்த ராதோயே வாயைத் திறந்தால் மிலாதினைத் திட்டுவதற்குத்தான் திறப்பான். கழுதை, மரமண்டை, பஸ்ஸை ஓட்டச் சொன்னால் மாட்டு வண்டி ஓட்டுகிறவன், ஒரு நட்டைக் கொடுத்தால் இரண்டைத் தொலைக்கிறவன். வரிசையில் எல்லோரும் கேட்கும்படி திட்டுவான். மிலாதினும் லேசுப்பட்டவனில்லை, திருப்பிக் கொடுப்பான். முப்பது வருடமாக அவர்கள் கொஞ்சிக்கொண்டது அப்படித்தான். நெருங்கிப் பழகாதவர்களிடம் ராதோயே மரியாதையாகவே பேசுவான். மரியாதை தூரத்து ஆட்களுக்கு என்பது அவன் கணக்கு.

இயந்திரத் தொழிற்சாலை மூடும் முன் அங்கே கடைசல் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மதிய உணவு நேரத்தில் அவன் அந்தக் கொக்கி ஜோடியைச் செய்தான். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் கராஜ் வரிசையில் அவனுடைய கதவுக்குள் ஒரு ஆணியில் அது தொங்கும். ஸ்பிரிங் மாற்ற வேண்டியவன் ஒரு பாட்டில் ரக்கியா சாராயத்தோடு வருவான், கொக்கியோடு ராதோயேவையும் சேர்த்துக் கூட்டிப்போவான். கொடுத்தவன் கண்ணெதிரே சாமானைப் புரட்டிச் சோதிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் ரொட்டியைப் பிட்டு உள்ளே புழு இருக்கிறதா என்று பார்ப்பவன் உண்டா? அதனால் வருடக்கணக்கில் அதை யாருமே பார்க்கவில்லை. போன வருடம் மேல்வீட்டுக்காரன் வண்டிக்குக் கொக்கி மாட்டும்போது மிலாதின் தற்செயலாகப் பார்த்தான். ஒரு திருகாணியில் மரை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அதன் கொக்கி லேசாக வாய் பிளந்திருந்தது. சொல்லவில்லை, இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான்.

அந்த இன்னொரு நாள் வருவதற்குள் ராதோயேவின் மனைவி விதா நோயில் விழுந்தாள். புற்று. டாக்டர்களும் சொந்தக்காரர்களும், வியன்னாவிலிருந்து போன் செய்த மகனும், எல்லோரும் சரியாகிவிடும் என்றே ராதோயேவைத் தேற்றினார்கள். மிலாதின் மட்டும் ஆஸ்பத்திரி நடையில் அவன் கையைப் பிடித்து, கூமே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, நாள் அதிகம் இல்லை என்றான். ராதோயே அவளைக் கூட்டிப்போனான். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, அவளுக்குப் பிடித்த செர்ரி மரத்தைப் பார்க்க வைத்தான். அவள் போனது பிப்ரவரியில். நாற்பதாம் நாள் சாப்பாட்டில் அவன் எழுந்து நின்று, ஊரே என்னைக் குழந்தை மாதிரி தாலாட்டியது, இந்தக் கழுதை ஒருத்தன்தான் என்னிடம் மனுஷனாகப் பேசினான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் கராஜைத் திறக்கவேயில்லை. சவரம் செய்வதில்லை. கண்ணும் மங்கிவிட்டது, கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. மிலாதின் போய்த் திட்டினால் பதிலுக்குத் திட்டக்கூட அவனிடம் தெம்பு இல்லை. அந்த நிலையில் இருப்பவனிடம் போய், உன் கொக்கி பழுது, நான் கடையில் புதிது வாங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மிலாதின் ஒரு வழி யோசித்தான். சனிக்கிழமை காலையில் ராதோயே கல்லறைக்குப் போவான், மதியம்வரை வர மாட்டான். அதற்குள் புதுக் கம்ப்ரஸரால் காரியத்தை முடித்துவிட்டால் கேள்வியே எழாது. ஸ்தானா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நேரா போய்ச் சொல்லேன், அவர் என்ன கடித்தா தின்பார் என்றாள். மிலாதின் காதில் வாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஊர் முழுக்க மிளகாய் வாசனை. செப்டம்பரில் எங்கள் பெண்கள் குளிர்காலத்துக்கு அய்வர் என்கிற மிளகாய்த் தொக்கைக் கிண்டாமல் விட மாட்டார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்குப் பின்னாலும் தகர அடுப்பில் சிவப்புக் குடைமிளகாய் கருகிக்கொண்டிருக்கும். ஸ்தானா கராஜுக்கு எதிரிலேயே அடுப்பைப் போட்டிருந்தாள். மிலாதின் காரைத் தூக்கி முட்டுக் கொடுத்து, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பெட்டியைப் பிரிக்கப் போனான். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய் கழுதை, மரத்துல மோதினியா, மாட்டு மேல மோதினியா?"

ராதோயே நின்றிருந்தான். கல்லறைக்கு விடியற்காலையிலேயே போய் வந்துவிட்டானாம். முகம் மழுமழுவென்று சவரம் செய்திருந்தது, தாடையில் ஒரு வெட்டுக்காயம். தோளில் ஒரு துணிமூட்டை. ஸ்பிரிங் உடைந்த கதையை மேல்வீட்டுக்காரன் சொல்லியிருக்கிறான். கூமின் வண்டிக்கு ஸ்பிரிங் போய்விட்டது, என் காதுக்கு ஊர் சுற்றியா வர வேண்டும் என்று கத்திக்கொண்டே மூட்டையை அவிழ்த்தான். கொக்கிகளைத் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, மரைக்கு எண்ணெய் விட்டிருந்தான். விதா போன பிறகு அவன் முதல்முறையாகக் கராஜைத் திறந்திருக்கிறான்.

மிலாதின் காலால் பெட்டியைத் தள்ளினான். அது மூலையில் அடுக்கியிருந்த குளிர்காலச் சக்கரங்களுக்குப் பின்னால் போய் நின்றது.

சொல்லியிருக்கலாம். ஸ்தானா இடுக்கியோடு நிமிர்ந்து அவனையே பார்த்தாள், சொல் என்று கண்ணாலேயே சொன்னாள். அவன் பார்த்தது தாடையில் இருந்த வெட்டுக்காயத்தை. மங்கின கண்ணோடு கண்ணாடி முன் நின்று இதற்காகச் சவரம் செய்திருக்கிறானே என்று நினைத்தான். சரி, ஜாக்கிரதையாக இருந்துகொள்வோம், மெதுவாகத் திருகுவோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். நல்லவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு எப்போதும் ஒரு சமாதானம் கைவசம் இருக்கும்.

இடது பக்கம் ஒழுங்காகவே கழன்று வந்தது. உடைந்த ஸ்பிரிங் பாதி வலு போனது, அடங்கிக் கிடந்தது. ராதோயே விசிலடித்தான். இந்த நட்டைப் பார், அந்த ரப்பரைப் பார், பஸ் கம்பெனிக்காரன் உனக்கு எப்படிச் சம்பளம் தருகிறான் என்று வாய் ஓயாமல் பேசினான். ஸ்தானா கொண்டுவந்த சூடான மிளகாயை ரொட்டியில் வைத்து மூன்று தின்றான். பிப்ரவரிக்குப் பிறகு அவன் ருசித்துச் சாப்பிட்டு யாரும் பார்க்கவில்லை. மிலாதினுக்கு அவனைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பெட்டியை மறைத்து வைத்ததே நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான்.

வலது பக்க ஸ்பிரிங் முழுசாக இருந்தது, முழு வலுவோடு இருந்தது. ஆளுக்கு ஒரு திருகாணி. நல்ல திருகாணி மிலாதின் பக்கம், தேய்ந்தது ராதோயே பக்கம். இதையாவது மாற்றிக்கொண்டிருக்கலாம், அதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே என்று விட்டான். கொஞ்ச நேரத்தில் ராதோயேவின் கொக்கி கம்பியின் மேல் மயிரிழை நகர்வதைக் கண்டான். நிறுத்து என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஒரு காப்பி குடிச்சிட்டு வரலாமா கூமே?"

"வேலையைப் பாருடா. ரெண்டு திருகு திருகறதுக்குள்ள இவனுக்குக் காப்பி வேணுமாம்."

ராதோயேவின் ஸ்பேனர் பிடிமானம் இல்லாமல் சுற்றியது. ஏன் நட் ஏறவில்லை என்று பார்க்க, மங்கின கண்ணைக் கிட்டே கொண்டுபோய்க் குனிந்தான்.

சத்தம் எதிர்க் கட்டடத்தில் மோதித் திரும்பியது. ஸ்தானா ஓடி வந்தபோது ஸ்பிரிங் கராஜ் கதவில் ஒரு குழி போட்டுவிட்டுத் தெருவில் உருண்டுகொண்டிருந்தது. ராதோயே மல்லாந்து கிடந்தான். மிலாதின் அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு, கூமே கூமே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ராதோயே உயிர் பிழைத்தான். கன்னத்து எலும்பு உடைந்திருந்தது, ஒட்டிவிட்டார்கள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும், மிலாதினுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் கேட்டானாம். நர்ஸ் வெளியே வந்து இதைச் சொன்னபோது மிலாதின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு ராதோயே ஆளே மாறியிருந்தான். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். மிலாதின் சூப்பு கொண்டுபோனால் மன்னிப்பு, ரொட்டி கொண்டுபோனால் மன்னிப்பு. என் கேடுகெட்ட இரும்பை உன் வாசலுக்குத் தூக்கி வந்தேனே, அது உன் பக்கம் பாய்ந்திருந்தால் ஸ்தானா முகத்தில் எப்படி முழிப்பேன் என்பான். வரிசையில் இருக்கிற ஒவ்வொருவனிடமும் போய், இத்தனை வருடம் உங்கள் உயிரோடு விளையாடினேன் என்று சொல்லிவிட்டு வந்தான். கொக்கிகளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டான். ஜனங்கள் அவன் தோளில் தட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் தலையை ஆட்டினார்கள். மிலாதின் ஒவ்வொரு முறையும் விடு கூமே, விடு என்பான். பெட்டி சக்கரங்களுக்குப் பின்னால் பிரிக்காமல் கிடந்தது. புது ஸ்பிரிங் இரண்டையும் அவன் பட்டறையில் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம், ராதோயேவின் சமையலறையில், பேச்சு யாஸ்னாவின் கல்யாணத்துக்கு வந்தது. வசந்தத்தில் கல்யாணம். ஞானஸ்நானம் செய்து வைத்த கூம்தான் மணமக்கள் பின்னால் நிற்க வேண்டும், அது பேசவே தேவையில்லாத விஷயம். ராதோயே காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"வேற ஆளைப் பாரு மிலாதின். கூம் வீட்டு வாசலுக்குச் சாவைக் கொண்டுவந்தவன் அந்தப் பொண்ணு பின்னால மெழுகுவத்தி புடிச்சு நிக்கக் கூடாது. எனக்குத் தகுதி இல்ல."

அவன் முடிவு செய்துவிட்டுத்தான் சொல்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. தப்பு செய்தவன் நான், தண்டனை இவனுக்கா என்று மிலாதினுக்கு நெஞ்சு வெந்தது. சொல்லிவிட்டால் இவன் தலையிலிருந்து பாரம் இறங்கும், என்னை நாலு அறை அறைவான், காது கூசத் திட்டுவான், பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினான். சொல்லிவிட்டான். போன வருடமே மரை தேய்ந்ததைப் பார்த்தேன், அதனால்தான் பெர்சாவிடம் போய்ப் புதிது வாங்கினேன், அன்றைக்கு நீ வரும்போது அது கராஜில்தான் இருந்தது என்று ஒரே மூச்சில் கொட்டினான்.

ராதோயே திட்டவில்லை. இருக்கிற ஒற்றைக் கண்ணால் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாதிரி வாங்கினே?" என்று கடைசியில் கேட்டான்.

"இரட்டை விரல் கொக்கி. பூட்டு முளை வச்சது."

"நல்ல சாமான். நானா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்." விரிப்பின் சுருக்கத்தை நீவினான். "நான் குனிஞ்சப்போ அது எங்க இருந்துச்சு?"

"சக்கரத்துக்குப் பின்னால."

"கொக்கி நகர்றதைப் பார்த்தியா?"

ஆமாம் என்று மிலாதின் தலையை ஆட்டினான்.

"பார்த்துட்டுத்தான் காப்பிக்குக் கூப்பிட்டே."

"உன் மனசு நோகக் கூடாதுன்னு நினைச்சேன் கூமே. விதா போனதுலேருந்து நீ இருந்த இருப்புல..."

"விதா சாகப் போறான்னு என்கிட்ட சொன்னவன் நீ" என்றான் ராதோயே. குரலை உயர்த்தவில்லை. "அதையே தாங்கினேன். ஒரு துண்டு இரும்பு தேஞ்சு போச்சுன்னு சொன்னா தாங்க மாட்டேனா? நீயும் என்னைத் தாலாட்ட ஆரம்பிச்சுட்டே. அதான் விஷயம். எல்லாரும் தாலாட்டுறாங்க, நீ ஒருத்தன்தான் இல்லன்னு நினைச்சிட்டிருந்தேன்."

மிலாதின் அழுதான். மேசையைச் சுற்றிப் போய் அவன் கையைப் பிடித்தான். ராதோயே கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்திருக்க விட்டான், அவ்வளவுதான். பிறகு எழுந்து, மழை வரும் போலிருக்கிறது, ஸ்தானா தேடுவாள் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான்.

வீட்டில் ஸ்தானா அவனைக் காய்ச்சி எடுத்தாள். "அன்னிக்கு வாயில கொழுக்கட்டை வச்சிருந்தே. இன்னிக்கு எதுக்குத் துப்பினே? உன் மனசு லேசாகணும்னுதானே?" என்றாள். இல்லை, அவனுக்காகத்தான் என்றான் மிலாதின். அவனுக்கே அது முழுக்க உண்மையா என்று தெரியவில்லை. அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

நவம்பரில் புனித திமித்ரி நாள் வந்தது. அது ராதோயே குடும்பத்தின் காவல் புனிதருடைய திருநாள். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வர வேண்டியவன் வருவான். வராதவன் வரவில்லை என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். போவதா வேண்டாமா என்று மிலாதின் காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். போகாமல் இருந்தால் உறவு முறிந்தது என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. ஸ்தானா அவன் கோட்டை எடுத்து மாட்டிவிட்டு, கையில் ஒரு பாட்டில் அய்வரைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போனாள்.

ராதோயே வாசலுக்கே வந்து வரவேற்றான். கருப்புக் கண்மூடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மூன்று முறை கன்னத்தில் முத்தம், முறைப்படி. புனிதருக்குப் படைத்த இனிப்புக் கோதுமையை ஒரு கரண்டி, முறைப்படி. துக்க வருடம் என்பதால் பாட்டு இல்லை, கூட்டமும் குறைவு. பெரிய மெழுகுவத்திக்கு அருகில், பாதிரியாருக்கு அடுத்த நாற்காலி, கூமின் இடம், மிலாதினுக்காகக் காலியாக இருந்தது. ராதோயே அதை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தான். யாஸ்னாவின் கல்யாணத்தைப் பற்றிப் பாதிரியார் கேட்டபோது, நான்தான் நிற்கப் போகிறேன், என் கடமையாச்சே என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். ஸ்தானா மேசைக்கடியில் மிலாதினின் முழங்காலை அழுத்தினாள். கூம் உறவு முறியவில்லை. குறை சொல்ல ஒரு இடம் இல்லை.

திருநாள் அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, நின்றுகொண்டே பரிமாற வேண்டும். ராதோயே முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுற்றிய சர்மாவும் வறுத்த பன்றியும் எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தான். மேல்வீட்டுக்காரனிடம் வந்ததும், உன் வயிறு கதவுக்குள் நுழைய நான் நிலையை இடிக்க வேண்டியிருக்கும் போல என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெர்சாவிடம், விதவையைப் பார்த்தால் ஒற்றைக் கண்ணும் துடிக்கிறது என்றான். அவள் கரண்டியால் அவனை அடித்தாள். பேச்சு திரும்பிவிட்டது, நாக்கு பழையபடி ஆகிவிட்டது. மிலாதின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அடுத்து என் முறை, இப்போது கழுதை என்பான் என்று தட்டைப் பார்த்தபடியே காத்திருந்தான்.

"இன்னொரு துண்டு வைக்கட்டுமா மிலாதின்?" என்றான் ராதோயே. "நல்லா வெந்திருக்கு. ஸ்தானா கொண்டுவந்த அய்வர் பிரமாதம். ரொம்ப சந்தோஷம்."

வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனான். மிலாதின் அந்தத் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். ராதோயே திரும்பி வரும்போது, கண் வலிக்கிறதா என்று மெல்லக் கேட்டான். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது, கேட்டதற்கு நன்றி என்று சொன்னான் ராதோயே. குளிரில் அந்தக் கண்குழி எப்படிக் குத்துகிறது என்று அதே ஆள் அன்று காலையில் மேல்வீட்டுக்காரனிடம் ஊரைக் கூட்டிப் புலம்பியிருக்கிறான். அதை ஸ்தானா பிறகுதான் கேள்விப்பட்டாள்.

மிலாதின் கடைசியாக ஒன்று செய்து பார்த்தான். ராதோயே தன் ஒயினைப் பற்றி ஒரு சொல் பொறுக்க மாட்டான். இருபது வருடம் முன்னால் ஒருவன் முகம் சுளித்ததற்கு அவனை மாடிப்படி வரை துரத்தியவன். மிலாதின் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, மேசை முழுக்கக் கேட்கும்படி கீழே வைத்தான்.

"ஒயின் புளிச்சிருக்கு கூமே."

பேச்சு நின்றது. பாதிரியார்கூட முள்கரண்டியைத் தாழ்த்தினார். மிலாதின் நிமிர்ந்து அந்த ஒற்றைக் கண்ணை நேராகப் பார்த்தான். திட்டு, தயவுசெய்து திட்டு என்று அவன் முகமெல்லாம் கெஞ்சியது. ஸ்தானா அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருக்கலாம்" என்றான் ராதோயே. "மன்னிக்கணும். வேற கொண்டு வர்றேன்."

உள்ளே போய் இன்னொரு பாட்டில் கொண்டுவந்தான். புதுக் கோப்பை வைத்து, சிந்தாமல் ஊற்றி, பக்கத்திலேயே நின்றான். அதுவும் அதே பீப்பாயிலிருந்து எடுத்ததுதான், இரண்டு பேருக்கும் தெரியும். மிலாதின் குடித்தான்.

"இது பரவாயில்லையா?" என்று கேட்டான் ராதோயே.

"நல்லா இருக்கு" என்றான் மிலாதின். ராதோயே தலையசைத்துவிட்டுப் பாதிரியாருக்கு ஊற்றப் போனான்.